நாலு பாயிண்ட் டவர் காட்டுது, குரல் எங்கே?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல எண்கள் நிறைய வரும். பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும் :-)

"சிக்னல் சரியில்ல." நம்ம ஊர்ல போன் பேசறவங்க அடிக்கடி சொல்ற வாக்கியம் இதுவாத்தான் இருக்கும். சொன்ன உடனே பேச்சு முடிஞ்சு போகும். எங்க தப்பு, யார் சரி பண்ணணும்னு யாரும் அடுத்த கேள்வி கேக்கறதில்ல. எங்க மலைப்பக்கம் இதையே கொஞ்சம் மாத்தி "மலைன்னா அப்படித்தான்"னு சொல்லுவாங்க. வெளியூர்க்காரங்க சொன்னாக்கூட பரவால்ல, எங்க ஆளுங்களே சொல்றாங்க. இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்கு எதிரா எழுதறது.

என் கட்சி இதுதான். இன்டர்நெட் வழியா பேசற எல்லா மென்பொருளும் அந்தப் பேச்சு எந்த லட்சணத்துல போகுதுன்னு நொடிக்கு நொடி கணக்கு வச்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கணக்கைப் பாக்கறது இன்ஜினியர் வேலைன்னு நாம ஒதுங்கிடறோம். அது தப்பு. இபி மீட்டரைப் பாக்கற மாதிரி பேசறவங்களே அதைப் பாக்கத் தெரிஞ்சுக்கணும். கணக்கு கையில இல்லாதவன் புகார் பண்ணா அது புலம்பல்தான்.

நான் புதூர்நாட்டுக்காரன். தெரியாதவங்களுக்கு: ஜவ்வாது மலை மேல, திருப்பத்தூர்ல இருந்து ஏறிப் போகணும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு பக்கம் பக்கமா நாடுகள். 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம், அதுக்கப்புறம் திருப்பத்தூர் மாவட்டம். நாங்க மலையாளிகள். கேரளாக்காரங்க இல்லீங்க, மலையாளிங்கறது எங்க பழங்குடிப் பேரு. இந்த விளக்கத்தை இன்னும் எத்தனை தடவை சொல்லணுமோ :-) சாமை விளையும், தேன் கிடைக்கும். மத்தபடி வேலைன்னா நிறைய பேர் கீழ இறங்கித்தான் ஆகணும். திருப்பூர், கர்நாடகா, கேரளான்னு சனம் சிதறிக் கிடக்கு. வீட்டுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கற ஒரே கயிறு போன்தான். நானும் ஓசூர்லதான் இருக்கேன். ஆபீஸ்களுக்கு ஐபி போன் மாட்டிக் குடுக்கறது தொழில். அதனால இந்த எண்களோட தினமும் குடித்தனம்.

குரல் எப்படிப் போகுது?

பழைய டெலிபோன்ல நீங்க பேசி முடிக்கற வரைக்கும் ஒரு பாதை உங்களுக்குன்னே திறந்திருக்கும். இன்டர்நெட் பேச்சுல அது கிடையாது. உங்க குரலை வழக்கமா 20 மில்லிசெகண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொண்ணையும் ஒரு பாக்கெட்ல போட்டு, மேல வரிசை எண்ணும் நேரமும் எழுதி அனுப்பிடும். நொடிக்கு 50 பாக்கெட், நிமிஷத்துக்கு 3,000. நம்பர் போட்ட போஸ்ட் கார்டு மாதிரி நினைச்சுக்கோங்க. 41, 42, 44ன்னு வந்தா 43 வழியில தொலைஞ்சதுன்னு வாங்கறவருக்குத் தெரிஞ்சுடும். 2003ல வந்த ஆர்டிபி விதிமுறையில இந்த வரிசை எண்ணும் இருக்கு. "இவ்வளவு வந்தது, இவ்வளவு தொலைஞ்சது"ன்னு அனுப்பினவருக்கே திருப்பிச் சொல்ற ஏற்பாடும் இருக்கு. நான் சொல்ற கணக்கெல்லாம் இங்கிருந்துதான் வருது.

"நான் சாதாரண கால்தான் பேசறேன், வாட்ஸ்அப் எல்லாம் இல்ல"ன்னு சொல்றவங்களும் தப்பிக்க முடியாது. 4ஜியில வோல்ட்டீன்னு போற கால் எல்லாமே இதே பாக்கெட் கதைதான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்ப பழைய மாதிரி குரல் பாதையே வைக்காம முழுக்க வோல்ட்டீயிலதான் வந்தாங்க. ஆக நாம எல்லாருமே இப்போ இன்டர்நெட் போன்தான்.

இன்னொரு பயம், "வீடியோ பாக்கற அளவுக்கு ஸ்பீடு இருந்தாத்தான் பேச முடியும்"ங்கறது. பழைய ஜி.711 கோடெக் நொடிக்கு 64 கிலோபிட் எடுக்கும், பாக்கெட் மேல எழுதற முகவரி எல்லாம் சேர்த்தா 80. ஜி.729 வெறும் 8 கிலோபிட்ல குரலை அடக்கும். 2012ல வந்த ஓபஸ் கோடெக் 6 கிலோபிட்ல ஆரம்பிச்சு 510 வரைக்கும் ஏறி இறங்கும். ஸ்பீடு டெஸ்ட்ல 2 எம்பி காட்டினாலே பேச்சுக்கு ஏகப்பட்ட இடம். இருந்தும் குரல் உடையுதுன்னா காரணத்தை வேற இடத்துல தேடணும்.

நாலே நாலு எண்

முதல் எண் இழப்பு. நூறு பாக்கெட்ல எத்தனை தொலைஞ்சது. ஒண்ணு ரெண்டு சதவீதம் அங்கங்க சிதறித் தொலைஞ்சா காதுக்கே தெரியாது. முன்னாடி வந்த சத்தத்தைக் கொஞ்சம் இழுத்து மென்பொருளே ஒட்டுப் போட்டுடும். மொத்தமா ஒரே இடத்துல தொலைஞ்சாத்தான் வம்பு.

ரெண்டாவது ஜிட்டர். பாக்கெட் வந்துசேருது, ஆனா ஒழுங்கான இடைவெளியில வரல. அரை மணிக்கு ஒரு பஸ்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் ஒண்ணும் வராம அப்புறம் மூணு பஸ் ஒண்ணா வந்து நிக்கும் பாருங்க, அதேதான். இதைச் சமாளிக்க மென்பொருள் கொஞ்சம் பாக்கெட்டைச் சேத்து வச்சு நிதானமா வெளிய விடும். சேத்து வைக்கற அளவு கூடக் கூட பேச்சு தாமதமாகும். அந்த அளவையும் தாண்டி லேட்டா வர்ற பாக்கெட்டைக் குப்பையிலதான் போடணும். வந்தும் பிரயோஜனம் இல்ல.

மூணாவது தாமதம். நீங்க பேசினது அந்தப் பக்கம் காதுல விழ எவ்வளவு நேரம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டு வரைக்கும் பிரச்சனை இல்லைன்னும், 400ஐத் தாண்டற மாதிரி ஒரு நெட்வொர்க்கைத் திட்டமிடவே கூடாதுன்னும் ஐடியூ அமைப்போட ஜி.114 பரிந்துரை சொல்லுது. திரையில வழக்கமா காட்டறது போய்வர்ற நேரம், அதைப் பாதியாக்கிக்கணும். தாமதம் கூடினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சு, ஒரே நேரத்துல நிறுத்தி, "சொல்லு" "இல்ல நீ சொல்லு"ன்னு பாதி பேலன்ஸ் அதுலயே போயிடும்.

நாலாவது மதிப்பெண். எம்ஓஎஸ்னு போட்டிருக்கும், 1ல இருந்து 5 வரை. ஆளுங்களை உக்கார வச்சுக் கேக்கச் சொல்லி மார்க் போடச் சொல்றதுதான் இதோட பூர்வீகம். பி.800னு 1996 பரிந்துரையில முறை இருக்கு. மென்பொருள்ல வர்றது அது கிடையாது. ஜி.107னு ஒரு கணக்கு மாதிரியை வச்சு இழப்பு, தாமதம், கோடெக் எல்லாத்தையும் போட்டு ஊகிக்கற மார்க். பழைய டெலிபோன் தரக் குரலுக்கு எல்லாம் கச்சிதமா இருந்தாலே 4.4தான் வரும். அதனால 5 வரலியேன்னு வருத்தப்பட வேண்டாம். 4க்கு மேல நிம்மதி. 3.6 பக்கம் வந்தா சிலர் முகம் சுளிப்பாங்க. 3.1க்குக் கீழன்னா கிட்டத்தட்ட எல்லாருமே கடுப்பாவாங்க.

எங்க பாக்கறது? ஜூம்ல செட்டிங்ஸ் உள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு பக்கம், அதுல ஆடியோ. லின்போன்ல கால் நடக்கும்போதே பாக்கலாம். குரோம் வழியா கூகுள் மீட், ஜிட்சின்னு பேசினா உலாவிக்குள்ளயே வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ்னு ஒரு பக்கம் ஒளிஞ்சிருக்கு, வரைபடமே போட்டுக் காட்டும். பழைய பதிவர்களுக்கு ஸ்கைப் ஞாபகம் இருக்கும். 2003ல வந்து 2025 மே மாசம் கடையை மூடினாங்களே, அதுலகூட ஒரு டிக் போட்டா பேசும்போதே ஜிட்டர், இழப்பு எல்லாம் தெரியும். இந்தியாவுல 2002 ஏப்ரல்லதான் இன்டர்நெட் டெலிபோனுக்குக் கதவு திறந்தாங்க. அதுக்கப்புறம் பிரவுசிங் சென்டர்ல தலையில ஹெட்போன் மாட்டி "ஹலோ ஹலோ"ன்னு கத்தின தலைமுறைக்கு இந்த டிக் எவ்வளவு உபயோகம்னு தெரியும்.

தமிழ்ல பேசறவனுக்கு ஸ்பெஷல் ஆபத்து

இப்போ நான் சொல்லப்போறது எந்த கையேட்டுலயும் நான் பாக்காதது, சொந்தச் சரக்கு.

நம்ம மொழியில வாக்கியத்தோட உயிர் கடைசியிலதான் இருக்கு. வினைச்சொல் கடைசி. அதுலயும் ஆமாவா இல்லையாங்கறது அந்த வினைச்சொல்லோட வால்ல. "வந்துடுவேன்", "வரமாட்டேன்". "குடுக்கலாம்", "குடுக்கக்கூடாது". இங்கிலீஷ்காரன் "டோன்ட்"ங்கறதை முதல்லயே சொல்லிடுவான். நாம கடைசி வரைக்கும் சஸ்பென்ஸ் வைப்போம்.

கணக்கு போட்டுப் பாருங்க. பத்து நிமிஷப் பேச்சு, 30,000 பாக்கெட். 1 சதவீதம் இழப்புன்னா 300 பாக்கெட், அதாவது 6 நொடி. திரையில பாத்தா 1 சதவீதம், நல்லாத்தான் இருக்குன்னு தோணும். அந்த 6 நொடி பத்து நிமிஷம் பூரா தூவி இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஒண்ணா ஒரு இடத்துல விழுந்தா? ஒரு முழு வாக்கியமே காலி. அதைவிட மோசம், ஒரு நொடி மட்டும், சரியா வால் மேல விழறது. ஏன்னா வாக்கியமே போனா "என்ன சொன்னீங்க?"ன்னு கேப்போம். வால் மட்டும் போச்சுன்னா கேக்கவும் தோணாது. மென்பொருள் போடற ஒட்டு கடைசிச் சத்தத்தை இழுத்து மெல்ல அமுக்கும். பேசினவர் இயல்பா முடிச்ச மாதிரியே இருக்கும்.

என் அக்கா விஷயத்துல இது நடந்தது. பையனுக்குக் காய்ச்சல், ராத்திரி நேரம். கீழ இருக்கற ஒரு டாக்டர்கிட்ட வீடியோவுல பேசறாங்க. போன தடவை மிச்சம் வச்ச சிரப்பைக் குடுக்கலாமான்னு அக்கா கேக்குது. பதில் "அதைக் குடுக்க..." அவ்வளவுதான். படத்துல டாக்டர் தலையாட்டறார். அதுவும் பாதியில உறைஞ்சு நிக்குது. அக்கா விவரம். மூணு தடவை திருப்பிக் கேட்டு, நாலாவது தடவைதான் "கூடாது" காதுல விழுந்தது. திருப்பிக் கேக்கக் கூச்சப்படற ஒருத்தி அந்த இடத்துல இருந்திருந்தா? டாக்டர் நேரத்தை வீணாக்கறோமோன்னு பயப்படற ஒரு பாட்டி இருந்திருந்தா? பாதி வாக்கியத்தை மனசு என்ன ஆசைப்படுதோ அதை வச்சு நிரப்பிக்கும். "குடுக்க"ன்னு கேட்டா "குடுக்கலாம்"னுதான் நிரப்பும்.

2020 ஏப்ரல்ல இ-சஞ்சீவனி புறநோயாளி சேவை ஆரம்பிச்சதுல இருந்து தொலைவழி மருத்துவம் நாடு முழுக்கப் பரவியிருக்கு. நல்ல விஷயம், மலைக்கு ரொம்பவே நல்ல விஷயம். அதனாலதான் சொல்றேன். அரட்டை உடைஞ்சா நாளைக்குப் பேசிக்கலாம். மருந்து பேச்சு உடைஞ்சா அப்படி விட முடியாது.

டவர் பாயிண்ட் சொல்லாத கதை

அக்கா வீட்ல போன்ல நாலு பாயிண்ட் டவர் காட்டுது. அப்புறம் ஏன் இப்படி? தம்பியை விட்டு அடுத்த நாள் அதே இடத்துல லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்ல மாட்டி எனக்கு மீட்டிங் போடச் சொன்னேன். ரெண்டு பக்கக் கணக்கையும் என் திரையில ஒண்ணா பாத்தேன். நான் பேசறது அவனுக்குக் கிட்டத்தட்ட முழுசா போய்ச் சேருது. அவன் பேசறதுதான் எனக்குக் கொத்துக் கொத்தா உதிருது. ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி போடச் சொன்னேன். அப்போ ரெண்டு பக்கமும் ஜிட்டர் எகிறுது, தாமதம் பல மடங்கு.

பகல்ல தெரிஞ்சதும் ராத்திரி தெரிஞ்சதும் ரெண்டு தனித்தனி வியாதி. மேலோட்டமா பாத்தா ரெண்டுக்கும் பேரு "சிக்னல் சரியில்ல".

பகல் வியாதி: பாயிண்ட்டுங்கறது டவர் பேசறது உங்க போனுக்கு எவ்வளவு பலமா கேக்குதுங்கற அளவு மட்டும்தான். டவரு பத்து இருபது வாட்ல கத்தும். உங்க 4ஜி போனு சாதாரணமா அதிகபட்சம் 0.2 வாட்தான். மேட்டுல நிக்கற பண்ணையார் கூப்பிட்டா பள்ளத்துல இருக்கற நமக்குக் கேக்கும், நாம பதில் சொன்னா அவருக்குக் கேக்காது. நடுவுல ஒரு மலைமுகடு வேற. இதுக்கு வைத்தியம் டவர் இருக்கற இடமும் அலைவரிசையும். 700, 850 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைவரிசை மேடு பள்ளத்தைச் சமாளிக்கற அளவு 2300 சமாளிக்காது. நம்ம கையில இருக்கறது வீட்டு வாசலுக்கு வந்து பேசறது ஒண்ணுதான்.

ராத்திரி வியாதி: ரேடியோவே இல்ல, வரிசை. கண்ணாடி இழையில வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுல 200 கிலோமீட்டர் போகும். எங்க மலையில இருந்து சென்னை நேர்க்கோட்டுல 200 கிலோமீட்டர் கூட வராது. ஆக தூரம்னு சொல்லிச் சமாளிக்க முடியாது. தாமதம் நூத்துக்கணக்கான மில்லிசெகண்டுன்னா பாக்கெட் எங்கயோ கியூவுல நிக்குதுன்னு அர்த்தம். ஊரே ராத்திரி வீடியோ பாக்குது, டவர்ல இருந்து கீழ போற பாதை அதுக்குப் பத்தல. இதுக்கு வைத்தியம் கம்பெனி கையில இருக்கு. அந்தப் பாதையை அகலப்படுத்தணும். மலை இதுல என்ன தப்பு பண்ணுச்சு?

பாருங்க, நாலு எண்ணை ரெண்டு நேரம் ரெண்டு திசையில பாத்ததும் "மலைன்னா அப்படித்தான்"ல பாதி பொய்னு ஆயிடுச்சு. இதைத்தான் சொல்ல வந்தேன்.

சராசரிங்கற ஏமாத்து

1 சதவீத இழப்பு நல்லா இருக்கற மாதிரி காட்டிட்டு வாலைத் தின்ன கதை சொன்னேன்ல, அதே கதைதான் மேல டில்லி வரைக்கும்.

2015 அக்டோபர்ல டிராய் ஒரு உத்தரவு போட்டது. கால் துண்டிச்சா ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூணு வரைக்கும், 2016 ஜனவரி 1 முதல். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2016 மே 11ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ரூபாய் போனதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. துண்டிக்கறதை மட்டும் எண்ணினதுதான் வருத்தம். குரல் உடைஞ்சு உடைஞ்சு கடைசியில நாமளே வெறுத்துப் போய் சிவப்புப் பட்டனை அமுக்கினா அது துண்டிப்புக் கணக்குல வராது. கணக்குப்படி அது நல்லபடியா முடிஞ்ச கால்! குரல் செத்த பிறகும் காலை உசுரோட வச்சிருக்கற ரேடியோ லிங்க் டைம்அவுட்டுங்கற சமாச்சாரத்தைப் பத்தி 2016ல டிராயே பேசியிருக்கு.

2017ல ஒரு முன்னேற்றம். அதுவரைக்கும் மாநிலம் மாதிரி பெரிய பரப்புக்கு ஒரே சராசரி, 2 சதவீதத்துக்குள்ள துண்டிப்பு இருந்தா பாஸ். சராசரியில மோசமான இடமெல்லாம் ஒளிஞ்சுக்குதுன்னு டிராய் முறையை மாத்தினது. 90 சதவீத செல்கள், 90 சதவீத நாட்கள்ல, 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும். நல்ல மாற்றம்தான், ஒத்துக்கறேன். ஆனா மிச்சம் 10 சதவீத செல் எங்க இருக்கும்னு நினைக்கறீங்க? அண்ணா சாலையிலயா?

2024 ஆகஸ்டுல புது விதிமுறை. எங்கெங்க சேவை இருக்குன்னு கம்பெனிகள் வரைபடம் போடணும்னாங்க. ஒரு மாவட்டத்துல 24 மணி நேரத்துக்கு மேல சேவை முடங்கினா வாடிக்கையாளருக்கு ஈடு குடுக்கணும்னாங்க. படிக்க நல்லா இருக்கு. ஆனா அளவுகோல் மாவட்டம். எங்க மலையோ திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர்னு மாவட்டங்களுக்கு ஓரத்துல தொங்கிட்டு இருக்கு. மலை மேல ஒரு டவர் மூணு நாள் படுத்தாலும் கீழ மாவட்டம் ஜம்முனு ஓடிட்டு இருக்கும். வரைபடத்துல வர்றது கலர். நாலு பாயிண்ட் காட்டற அக்கா வீடும் அந்தக் கலருக்குள்ளதான் வரும்.

டவரே இல்லாத ஊர்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி 24,680 கிராமங்களைக் குறி வச்சது. டவர் வர்றதுக்கு அது. வந்த டவர்ல குரல் ஒழுங்கா போகுதான்னு கிராமவாரியா எண்ணிச் சொல்றது யாரு?

ஜிட்டர் ஒரு கேடா?

நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப கேட்டார், "ஏம்ப்பா, ரோடு சரியில்ல, ஆஸ்பத்திரி தூரம், இதுல உங்களுக்கு ஜிட்டர் ஒரு கேடா?" நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி தூரமா இருக்கறதாலதான் ஜிட்டர் முக்கியம்னு என் பதில். டவுன்காரனுக்கு கால் உடைஞ்சா வண்டி எடுத்துட்டு நேர்ல போயிடுவான். நேர்ல போறது கஷ்டம்ங்கறதாலதான் "போன்ல பேசிக்கோங்க"ன்னு எங்களுக்கு வழி காட்டறாங்க. அந்த வழியாவது நேரா இருக்க வேணாமா?

இன்னொரு கேள்வி, "உங்க சனத்துக்கு இதெல்லாம் புரியுமா?" இதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும். யூனிட்டுன்னா என்னன்னு இயற்பியல் தெரிஞ்சுதான் இபி கார்டைப் பாத்து நாம சண்டை போடறோமா? காய்ச்சல் 102ன்னா பயப்படணும்னு எங்க அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கல. எண் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும், அர்த்தம் ஒரு மாசத்துல தானா வந்துடும். இதே ஜவ்வாது மலையில காவலூர்ல 1986ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வச்சு வானத்துல வர்ற துளி வெளிச்சத்தை எண்ணிட்டு இருக்காங்க. எங்கயோ இருக்கற நட்சத்திரத்தை அளக்க முடிஞ்ச மலையில, பக்கத்து வளைவுல இருக்கற டவரை அளக்க முடியாதா?

எண்ணையே கட்டிக்கிட்டு அழவும் வேணாம், அதையும் சொல்லிடறேன். எம்ஓஎஸ் மார்க் 4.2 இருக்கும், ஆனா மைக்ல காத்து அடிச்சு ஒண்ணும் கேக்காது. அந்தக் கணக்குக்கு மைக் காத்து தெரியாது. நீங்க பேசினது அரட்டையா மருந்தான்னும் தெரியாது. கேக்கறவங்க சொல்றதையும் சேத்துத்தான் எடுக்கணும். 2017ல டிராய் மைகால்னு ஒரு செயலி விட்டது, பேசி முடிச்சதும் ஸ்டார் போடலாம். மனுஷன் போடற ஸ்டாரும் மென்பொருள் எண்ற எண்ணும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் முழுப்படம்.

அதனால நான் கேக்கறது இவ்வளவுதான்.

ஒண்ணு, பேசற செயலி எதுவா இருந்தாலும் ஒரு அமுக்குல இந்த எண்களைக் காட்டணும், ரெண்டு திசைக்கும் தனித்தனியா, தமிழ்ல. எங்க மலையில எல்லாரும் பேசறது வாட்ஸ்அப்ல. அதுல எவ்வளவு டேட்டா செலவாச்சுன்னு பாக்கலாம், குரல் எவ்வளவு தொலைஞ்சதுன்னு பாக்க முடியாது. என் பணம் எவ்வளவு போச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதுமா?

ரெண்டு, கம்பெனிகள் குடுக்கற அறிக்கை ஊராட்சி அளவுல வெளிய வரணும். மாநிலச் சராசரி வேணாம், மாவட்டச் சராசரியும் வேணாம். கடைசி பத்து சதவீதத்தோட பட்டியலை முதல் பக்கத்துல போடுங்க.

மூணு, இது நமக்கு. யாருக்கும் மனு எழுதாம இன்னைக்கே செய்யலாம். முக்கியமான "வேண்டாம்" இருந்தா அதை முன்னாடி கொண்டு வாங்க. "வேண்டாம்! அந்த சிரப் வேண்டாம்"னு ஆரம்பிங்க. வால்ல இருக்கற உயிரைத் தலைக்கு மாத்துங்க. கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. தொலைவழி மருத்துவம் பாக்கறவங்க, போன்ல அரசாங்கத் திட்டம் விளக்கறவங்க, வாத்தியாருங்க, எல்லாருக்கும் இது பழக்கமாகணும். இலக்கணம் கொஞ்சம் உதைக்கும், பரவால்ல :-)

அடுத்த தடவை யாராவது "சிக்னல் சரியில்ல"ன்னா விடாதீங்க. எந்தத் திசை? எந்த நேரம்? இழப்பா, ஜிட்டரா, தாமதமா? குறிச்சு வைங்க, ஒரு வாரம் போதும். தம்பி எடுத்த அந்த ரெண்டு வேளைக் கணக்கோட நாங்க புகார் எழுதிப் போட்டிருக்கோம். கம்பெனி பேரு இங்க வேணாம். முதல் தடவையா அவங்ககிட்ட இருந்து "உங்க பகுதி மலைப்பகுதி என்பதால்"னு ஆரம்பிக்காத ஒரு பதில் வந்திருக்கு. எந்த நேரம்னு கேட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணும் சரியாகல. ஆனா கேள்வி மாறியிருக்கு.

பி.கு. 1: மலையூர், கடலோரம், எல்லையோரம்னு ஓரத்துல இருக்கற பதிவர்கள் உங்க ஊர்க் கணக்கைப் பின்னூட்டத்துல போடுங்க. காலை ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் போட வேண்டாம், ஊர்ப் பேரும் நாலு எண்ணும் போதும்.

பி.கு. 2: "வேண்டாம்"ஐ பி.கு. 1ல கடைசியிலதான் போட்டிருக்கேன்னு கும்மி அடிக்க வர்றவங்களுக்கு: எழுத்துல பாக்கெட் தொலையாது :-)